ஒவ்வொரு சண்டைக்கும் பிறகு படுக்கப் போகும் பார்ட்டி: மோதல்களையும் ஓய்வையும் எப்படிச் சமன் செய்கிறீர்கள்?

நிலவறைக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) ஆட்டத்தை ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகளில் ஓட்டுகிறேன்; நான்தான் டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துபவன். பார்ட்டியில், அதாவது சாகசக் குழுவில், நான்கு பேர், எல்லோரும் 5ஆம் லெவல்: பாலடின் (புனித வீரர்), விசார்ட் (மந்திரவாதி), ஃபைட்டர் (போர்வீரர்), வார்லாக் (இன்னொரு வகை மந்திரவாதி). குள்ளர்கள் கைவிட்டுப்போன ஒரு மலைக்கோட்டைக்குள் இருக்கிறார்கள். மேல்தளத்தில் ஓகர்கள் என்னும் ராட்சதர்கள், அடித்தளத்தில் ஒரு ட்ரோல் அரக்கன், நடுவே சிறைபிடிக்கப்பட்ட சுரங்கத் தொழிலாளிகள்.

முதல் கூடத்தில் மூன்று ஓகர்கள். விசார்ட் முதல் சுற்றில் ஒரு ஃபயர்பால் (தீப்பந்து மந்திரம்), இரண்டாம் சுற்றில் இன்னொன்று. பாலடின் விழுந்த ஒவ்வொரு அடிக்கும் ஸ்லாட்டைச் செலவழித்து ஸ்மைட் (கூடுதல் சேதம்) போட்டார். மூன்றாம் சுற்று முடிவதற்குள் கூடம் காலி. உடனே, "ஸ்லாட் தீர்ந்துவிட்டது, வெளியே போய்ப் படுத்துவிட்டு நாளைக்கு வருகிறோம்" என்றார்கள். (ஸ்லாட் என்பது ஒரு மந்திரம் போடும் வாய்ப்பு; எட்டு மணி நேரம் தூங்கி லாங் ரெஸ்ட் எடுத்தால் திரும்ப வரும்.) அடுத்த கூடத்திலும் இதே கதைதான்.

அரக்கர்களைப் பலமாக்கிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. ஆனால் அப்படிச் செய்தால் முன்னால் நிற்கிற ஃபைட்டர் இரண்டு அடியில் விழுந்துவிடுவார். பலமாக்காமல் விட்டால் எந்தச் சண்டையிலும் பயமே இல்லை. நீங்கள் இதை எப்படிக் கையாளுகிறீர்கள்?

பகடைப்பித்தன் எழுதியது:

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம், பாதி விடை அதிலேயே இருக்கிறது.

ஓகர் ஒன்றுக்கு 450 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி). மூன்றுக்கு 1350. மூன்று முதல் ஆறு அரக்கர்கள் வரை இருந்தால் சிரமத்தைக் கணக்கிட இரண்டால் பெருக்க வேண்டும், ஆக 2700. 5ஆம் லெவலில் நான்கு பேருக்கு நடுத்தர மோதல் 2000, கடினம் 3000, உயிராபத்து 4400. உங்கள் கூடம் நடுத்தரத்துக்கும் கடினத்துக்கும் நடுவில் இருக்கிறது. அதில் குறை எதுவும் இல்லை.

இப்போது ஒரு முழு நாளின் கணக்கு. இந்த எண்கள் இருக்கிற அதே டிஎம் கையேடு 5ஆம் லெவலில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 3500 என்கிறது. நான்கு பேருக்கு 14,000. அதாவது உங்கள் மூன்று ஓகர் கூடத்தைப் போல ஐந்து கூடங்களை ஒரே நாளில், நடுவில் இரண்டு ஷார்ட் ரெஸ்ட் (ஒரு மணி நேர ஓய்வு) மட்டும் எடுத்துக்கொண்டு தாண்டுவார்கள் என்று வைத்துத்தான் விதியை எழுதியிருக்கிறார்கள். நாளொன்றுக்கு ஆறிலிருந்து எட்டு மோதல் என்று அவர்கள் சொல்வதும் இதைத்தான். நீங்கள் ஐந்தில் ஒரு பங்கு கொடுத்துவிட்டுப் படுக்க விடுகிறீர்கள். அப்புறம் எந்த அரக்கனைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் நிற்காது.

வார்லாக்_வள்ளி எழுதியது:

விளையாடுகிறவர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன் அண்ணா. உங்கள் மேஜையில் இருக்கும் வார்லாக்கிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள், சந்தோஷமாக இருக்கிறாரா என்று.

5ஆம் லெவல் விசார்டுக்கு ஒன்பது ஸ்லாட்: முதல்நிலை நான்கு, இரண்டாம்நிலை மூன்று, மூன்றாம்நிலை இரண்டு. வார்லாக்குக்கு மொத்தமே இரண்டு. அவை மூன்றாம்நிலை ஸ்லாட், ஒவ்வொரு ஷார்ட் ரெஸ்ட்டிலும் திரும்ப வரும். இரண்டு ஷார்ட் ரெஸ்ட் உள்ள நாளில் எனக்கு ஆறு மூன்றாம்நிலை மந்திரம் கிடைக்கும். விசார்ட், ஷார்ட் ரெஸ்ட்டில் கொஞ்சம் ஸ்லாட் மீட்டுத் தரும் ஆர்கேன் ரிகவரியைச் சேர்த்தாலும் அந்த நிலையில் மூன்றைத் தாண்டமாட்டார். அவருக்குப் பன்முகம், எனக்குத் தொடர்ந்து அடிக்கும் பலம் என்று ஒரு நியாயம் இருக்கும்.

ஒரு சண்டை போட்டுவிட்டு லாங் ரெஸ்ட் என்றால் எனக்கு இரண்டு, அவருக்கு ஒன்பது. முடிந்தது. ஃபைட்டருக்கும் இதே கதிதான். ஆக்‌ஷன் சர்ஜ் (ஒரே சுற்றில் கூடுதலாக ஒரு செயல்) ஷார்ட் ரெஸ்ட்டுக்கு ஒரு தடவை. நாளுக்கு மூன்று முறை பாய வேண்டியவர் ஒரு முறை பாய்ந்துவிட்டு ஓரமாக நிற்கிறார். அவர் இரண்டு அடியில் விழுவாரோ என்று நீங்கள் பயப்படுவதற்குக் காரணமே இதுதான் என்று நினைக்கிறேன். ஓய்வு குலைந்தால் அரக்கர்கள் எளிதாவது மட்டுமில்லை, பார்ட்டிக்குள்ளேயே ஒருவருக்கொருவர் இருக்கிற சமன் போய்விடும். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

தீப்பந்தம் எழுதியது:

வள்ளி சொன்னது மிகச் சரி.

நான் இன்னும் டி அண்ட் டியின் 1981 பேசிக் விதிகளில் ஓட்டுபவன். அங்கே இந்தச் சிக்கலே எழாது, காரணம் நேரத்துக்கு விலை இருந்தது. நிலவறைக்குள் பத்து நிமிடம் ஒரு டர்ன். ஒரு தீப்பந்தம் ஆறு டர்ன் எரியும். ஐந்து டர்ன் நடந்தால் ஒரு டர்ன் உட்கார வேண்டும், இல்லையென்றால் அடிக்கும் பகடையில் ஒன்று குறையும். இரண்டு டர்னுக்கு ஒருமுறை டிஎம் ஆறுமுகப் பகடையை உருட்டுவார், ஒன்று விழுந்தால் திரியும் அரக்கர்கள் வருவார்கள். நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தாலும் திரும்புவது ஒன்று முதல் மூன்று ஹெச்பிதான் (உயிர்ப்புள்ளி).

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். அனுபவப் புள்ளிகளில் பெரும்பகுதி வெளியே கொண்டுவந்த பொன்னுக்குத்தான். அரக்கனைக் கொன்றால் கிடைப்பது சொற்பம். அதனால் திரியும் அரக்கன் என்பவன் சுத்த நஷ்டம். யாரும் "இங்கேயே படுக்கலாம்" என்று சொல்லவே மாட்டார்கள்.

ஐந்தாம் பதிப்பில் எட்டு மணி நேரம் தூங்கினால் ஹெச்பி முழுசாக வந்துவிடுகிறது, ஸ்லாட் முழுசாக வந்துவிடுகிறது, செலவு எதுவும் இல்லை. இலவசமாகக் கொடுத்தால் யார்தான் வாங்கமாட்டார்கள்? உங்கள் ஆட்கள் புத்திசாலித்தனமாகத்தான் ஆடுகிறார்கள். அவர்கள்மேல் கோபப்படாதீர்கள்.

சேந்தன் எழுதியது:

தீப்பந்தம் ஐயாவோடு பாதி ஒத்துப்போகிறேன். ஆனால் ராத்திரியில் திரியும் அரக்கர்களை அனுப்புவது ஐந்தாம் பதிப்பில் வேலை செய்யாது என்பதை அழுத்தமாகச் சொல்ல வேண்டும்.

அங்கே ஒரு சண்டை பத்து நிமிடத்தில் முடியும். இங்கே ஐந்தாம் லெவலில் முக்கால் மணி நேரம் ஓடும். நான்கு ஓநாய்கள் வந்து கடித்துவிட்டுச் செத்துப்போவதற்காகச் சனிக்கிழமை மாலையில் கால்வாசியைக் கொடுப்பதா? கதைக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. வந்த ஓநாய்கள் லேசானவையாக இருந்தால் ஓய்வு தொடரும், எதுவும் மாறாது. கனமானவையாக இருந்தால் ஸ்லாட் தீர்ந்த பார்ட்டி செத்துப்போகும். இரண்டுமே நல்ல ஆட்டம் இல்லை.

2014 விதியிலேயே இன்னொரு பிடி இருக்கிறது, பலரும் கவனிப்பதில்லை. இருபத்து நான்கு மணி நேரத்தில் ஒரே ஒரு லாங் ரெஸ்ட்டின் பலன்தான் கிடைக்கும். காலை ஆறு மணிக்கு எழுந்து எட்டு மணிக்குச் சண்டை முடித்தவர்கள் எட்டரைக்குப் படுத்துப் பயனில்லை. இரவு வரை உட்கார்ந்திருக்க வேண்டும். 2024 விதிகளில் ஒரு லாங் ரெஸ்ட் முடிந்து குறைந்தது பதினாறு மணி நேரம் போன பிறகுதான் அடுத்ததைத் தொடங்கலாம் என்று இன்னும் தெளிவாக்கிவிட்டார்கள். அந்தப் பகல் முழுக்க ஓகர்கள் என்ன செய்துகொண்டிருக்கும் என்று கேளுங்கள். உங்கள் கேள்விக்கு விடை அங்கேதான்.

நிலவறைக்காரன் எழுதியது:

இருபத்து நான்கு மணி நேர விதியை நான் கறாராகப் பார்க்கவில்லை, இனி பார்க்கிறேன். ஆனால் எங்கள் விசார்டிடம் லியோமண்ட்ஸ் டைனி ஹட் என்கிற பாதுகாப்புக் குடில் மந்திரம் இருக்கிறது. ரிச்சுவலாக, அதாவது நிதானமான சடங்காகப் போடுவதால் ஸ்லாட்டும் செலவாகாது. கோட்டைக்குள்ளேயே குடிலைப் போட்டுவிட்டு உள்ளே சௌகரியமாக உட்கார்ந்துகொள்கிறார்கள். அதற்கு என்ன செய்வது?

இன்னொன்று, நாங்கள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மூன்று மணி நேரம் கூடுகிறோம். ஆறு மோதல் எப்படி அடங்கும்?

பகடைப்பித்தன் எழுதியது:

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதுதான் முக்கியம்.

ஆட்டத்துக்குள் நடக்கும் ஒரு நாளும் நீங்கள் கூடும் ஒரு மாலையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒரு நாளை மூன்று அமர்வுகளுக்கு இழுக்கலாம். கலைந்து போகும்போது "சரி, எல்லோரும் லாங் ரெஸ்ட் எடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். கிளம்பும் முன் ஒவ்வொருவரும் மிச்சமிருக்கும் ஹெச்பி, ஸ்லாட், ஹிட் டைஸ் (ஷார்ட் ரெஸ்ட்டில் உருட்டி ஹெச்பி மீட்கும் பகடைகள்) மூன்றையும் தாளின் ஓரத்தில் எழுதி, படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட வேண்டும். அடுத்த முறை அங்கிருந்து தொடங்கலாம். தகராறே வராது.

குடில் விஷயம். உள்ளே யாரும் நுழைய முடியாது என்பது உண்மை. ஆனால் அது நகராது, பத்தடி ஆரம், எட்டு மணி நேரம், போட்டவர் வெளியே வந்தால் மறைந்துவிடும். ஓகர்கள் முட்டாள்களாக இருக்கலாம், ஆனால் கூடத்தின் நடுவில் ஒரு கும்மட்டம் முளைத்திருந்தால் அவற்றுக்கும் தெரியும். சுற்றிலும் பாறைகளை உருட்டி வைக்கும். கதவை அடைக்கும். காலையில் குடில் மறையும்போது எல்லோரும் கல்லோடு காத்திருப்பார்கள். இதைத் தண்டனையாகச் செய்யாதீர்கள். உள்ளிருப்பவர்களுக்கு வெளியே நடப்பது தெரியும், அதனால் முதல் மணி நேரத்திலேயே பாறை உருளுவதைக் காட்டிவிடுங்கள். ஓய்வைத் தொடர்வதா, பாதியில் கிளம்புவதா என்று அவர்கள் முடிவெடுக்கட்டும். அந்த விவாதமே நல்ல ஆட்டம்.

அலைகளையும் மறக்காதீர்கள். மூன்று ஓகர்களை ஒரே கூடத்தில் குவித்து வைத்தால் ஃபயர்பாலுக்கு விருந்து. அதற்குப் பதில் முதலில் இரண்டு வைத்து, சத்தம் கேட்டு மூன்றாம் சுற்றில் இன்னும் இரண்டை எதிர்ப்பக்கக் கதவு வழியாக வரவிடுங்கள். இரண்டு ஓகர் என்றால் 900, ஒன்றரையால் பெருக்கினால் 1350. இரண்டு அலை சேர்ந்து அதே 2700. நாள் கணக்கில் வித்தியாசம் இல்லை. ஆனால் விசார்ட் முதல் சுற்றிலேயே கையைக் காலி செய்யத் தயங்குவார். இன்னும் என்ன வரும் என்று தெரியாதபோதுதான் ஸ்லாட்டுக்கு மதிப்பு.

மலைப்பாதை எழுதியது:

டிஎம் கையேட்டில் இருக்கும் கிரிட்டி ரியலிசம் மாற்று விதியை யாரும் சொல்லவில்லை. ஷார்ட் ரெஸ்ட் எட்டு மணி நேரம், லாங் ரெஸ்ட் ஏழு நாள். நாங்கள் அப்படித்தான் ஆடினோம்.

பயணக் கதைகளுக்கு அது அருமை. காட்டு வழியில் நான்கு நாளைக்கு ஒரு மோதல் வந்தாலும் அது உறைக்கும். ஊருக்குத் திரும்பி ஒரு வாரம் தங்குவது ஒரு பெரிய முடிவாக மாறும். அந்த ஒரு வாரத்தில் வில்லனும் சும்மா இருக்கமாட்டான்.

ஆனால் நிலவறைக்குள் அது திணறும். மேஜ் ஆர்மர் என்கிற தற்காப்பு மந்திரம் எட்டு மணி நேரம்தான். பழைய கணக்கில் ஒரு நாள் முழுக்க ஓடும், புதிய கணக்கில் ஒரு வாரத்து நாளில் ஒரு துண்டுக்குத்தான் உதவும். விடியும்போது சக்தி திரும்பும் மந்திரக்கோல்கள் எதிர்ப்பக்கம் சாயும், தினமும் நிரம்பி விசார்டைவிடப் பெரியதாகிவிடும். கால அளவுகளையும் நீட்டி, கோல்களையும் வாரக் கணக்குக்கு மாற்றிய பிறகுதான் எங்களுக்குச் சரிப்பட்டு வந்தது. நிலவறைக்காரன் இப்போது கோட்டைக்கு நடுவில் இருப்பதால் பரிந்துரைக்கமாட்டேன். கோட்டை முடிந்து பயணம் தொடங்கினால் யோசியுங்கள்.

தீப்பந்தம் எழுதியது:

மலைப்பாதை சொன்னதற்கு எளிய வடிவம் ஒன்று உண்டு. கடிகாரத்தைத் தொடாமல் இடத்தை மாற்றுங்கள். லாங் ரெஸ்ட் பாதுகாப்பான இடத்தில் மட்டும்: கூரை, தீ, காவல், நிம்மதி நான்கும் இருக்கிற இடம். சத்திரம், நண்பர் வீடு, கோயில். வெளியே தூங்கினால் அது ஷார்ட் ரெஸ்ட்தான். ஐந்தாம் பதிப்பு விதிகளில் டோல்கீனின் மத்தியபூமிக்காக வந்த நூலில் பயணத்தின் நடுவே இதே வழிதான், புகலிடத்தில் மட்டும் நீண்ட ஓய்வு. எந்த மந்திரத்தின் நேரத்தையும் திருத்த வேண்டாம்.

சேந்தன் எழுதியது:

மற்ற ஆட்டங்கள் எப்படிச் சமாளித்தன என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும்.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பு, பார்ட்டிக்குச் சமமான ஒரு மோதல் ஐந்தில் ஒரு பங்கு வளத்தைத் தின்னும், நான்கு முடிந்தால் படுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டது. 2008இன் நான்காம் பதிப்பு ஐந்து நிமிட ஓய்வில் பாதிச் சக்திகளைத் திருப்பித் தந்தது. அதில் எனக்கு மிகப் பிடித்தது மைல்ஸ்டோன். ஓய்வெடுக்காமல் இரண்டு மோதல் தாண்டினால் ஒரு ஆக்‌ஷன் பாயின்ட் (கூடுதல் செயலுக்கான புள்ளி). தொடர்ந்து போவதற்குப் பரிசு! ஐந்தாம் பதிப்பில் இதைக் கைவிட்டது பெரிய இழப்பு என்பது என் கருத்து. நீங்கள் மூன்றாவது மோதலுக்குப் பிறகு எல்லோருக்கும் இன்ஸ்பிரேஷன் (பகடையை இருமுறை உருட்டி நல்லதை எடுக்கும் சலுகை) கொடுத்துப் பாருங்கள், "இன்னும் ஒரு கூடம் பார்த்துவிடலாமே" என்று அவர்களே சொல்வார்கள்.

2013இல் வந்த தேர்ட்டீன்த் ஏஜ் தூக்கத்தையே கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. நான்கு சண்டை முடிந்தால் முழு மீட்பு, அது நாலு நாளில் நடந்தாலும் சரி, ஒரு மணி நேரத்தில் நடந்தாலும் சரி. முன்னாலேயே வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் கதையில் ஒரு பின்னடைவை பார்ட்டி ஏற்க வேண்டும். எவ்வளவு நேர்மையான பேரம்!

பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு வேறு திசை. பத்து நிமிடம் காயத்துக்குக் கட்டுப்போட்டால் ஹெச்பி ஏறும் என்பதால், எல்லோரும் ஏறக்குறைய முழு ஹெச்பியோடு வருவார்கள் என்று வைத்து ஒவ்வொரு மோதலையும் தனித்தனியாக அளக்கிறது. எக்ஸ்பி கணக்கில் நடுத்தரம் 80, கடுமை 120, உச்சம் 160. 2024இல் வந்த டி அண்ட் டி டிஎம் கையேடும் அந்தப் பக்கம் ஒரு அடி வைத்திருக்கிறது. நாள் கணக்கு அட்டவணையை எடுத்துவிட்டார்கள், எண்ணிக்கைப் பெருக்கலையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் விசார்டின் ஸ்லாட் இன்னும் நாளுக்கு ஒருமுறைதானே? அட்டவணை போனதால் சிக்கல் போகவில்லை.

வார்லாக்_வள்ளி எழுதியது:

எல்லாம் சரி, ஒரே ஒரு வேண்டுகோள். எந்த வழியைத் தேர்ந்தாலும் முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

நான் முன்பு ஆடிய ஒரு மேஜையில் டிஎம் எதையும் சொல்லாமல், படுக்கும்போதெல்லாம் ஏதாவது ஒன்றை ஏவிவிடுவார். என்ன விலை கொடுக்கிறோம் என்றே எங்களுக்குத் தெரியாது. அதனால் எல்லோரும் இன்னும் பயந்து, இன்னும் அதிகமாக ஓய்வெடுக்கத் தொடங்கினோம். விலை தெரிந்திருந்தால்தான் துணிய முடியும். "இப்போது படுத்தால் கைதிகளைக் கீழே கொண்டுபோவார்கள்" என்று தெரிந்தால் இருக்கிற இரண்டு ஸ்லாட்டோடு நானே முதலில் கதவைத் திறப்பேன்.

ஷார்ட் ரெஸ்ட்டைத் தாராளமாகக் கொடுங்கள், அதுவும் முக்கியம். ஒரு மணி நேரம் என்பதால் பலர் அதற்கும் தயங்குகிறார்கள். லாங் ரெஸ்ட்டுக்கு விலை வைக்கும்போது ஷார்ட் ரெஸ்ட்டுக்கும் சேர்த்து வைத்துவிட்டால் வார்லாக்கும் ஃபைட்டரும் மறுபடி ஓரத்துக்குப் போய்விடுவோம்.

நிலவறைக்காரன் எழுதியது:

மிக்க நன்றி. எல்லாவற்றையும் படித்துவிட்டு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன், ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

ஒரு அட்டையில் நான்கு கட்டம் வரைந்து மேஜை நடுவில் வைக்கப் போகிறேன். ஒவ்வொரு லாங் ரெஸ்ட்டுக்கும் ஒரு கட்டம் நிரம்பும். முதல் கட்டம்: செத்த ஓகர்களைக் கண்டுபிடித்து முன்வாசலைப் பாறையால் அடைக்கிறார்கள். இரண்டாவது: வேட்டைக்குப் போன இரண்டு ஓகர்கள் திரும்பி வருகின்றன. மூன்றாவது: தொழிலாளிகளில் சிலரை ட்ரோலுக்கு இறக்குகிறார்கள். நான்காவது: தலைவன் பெட்டகத்தை மூட்டை கட்டிக்கொண்டு பின்சுரங்கம் வழியாகக் கிளம்புகிறான். முதல் இரண்டு கட்டத்தில் என்ன நடக்கும் என்று நேரடியாகவே சொல்லிவிடுவேன். மூன்றாவதை ஒரு தொழிலாளி வாயால் கேட்கும்படி வைப்பேன்.

ஷார்ட் ரெஸ்ட் நாளுக்கு இரண்டு, கேள்வி கேட்காமல் கிடைக்கும். கட்டம் எதுவும் நிரம்பாது.

பகடைப்பித்தன் எழுதியது:

நன்றாக இருக்கிறது. ஒரே திருத்தம்: இரண்டாவது கட்டத்து ஓகர்களைக் கோட்டையின் மொத்த எண்ணிக்கையோடு கூட்டிப் பாருங்கள். இப்போது மொத்தம் 14,000க்குப் பக்கத்தில் இருந்தால் ஒரு லாங் ரெஸ்ட் அவர்களுக்குத் தேவைப்படும், அது நியாயமும்கூட. 28,000 ஆகிவிட்டால் நான்கு கட்டம் போதாது, ஐந்தாக்குங்கள்.

2014 விதியில் லாங் ரெஸ்ட் எடுத்தாலும் ஹிட் டைஸ் பாதிதான் திரும்பும் என்பதையும் கறாராகப் பாருங்கள். ஐந்து டைஸையும் செலவு செய்த ஃபைட்டருக்கு மறுநாள் இரண்டுதான். இரண்டாவது நாள் தானாகவே கொஞ்சம் கனமாகிவிடும்.

புதுமுகம்_தூத்துக்குடி எழுதியது:

அண்ணன்மார்களே, அக்கா, நான் இந்த மாதம்தான் டிஎம் ஆகப் போகிறேன். 2014 ஸ்டார்ட்டர் செட்டில் இருக்கும் சாகசம், நான்கு பேர், முதல் லெவல். இந்தக் கட்டம், விலை எல்லாம் முதல் நாளிலிருந்தே வைக்கலாமா?

தீப்பந்தம் எழுதியது:

வேண்டாம் தம்பி. முதல் இரண்டு லெவலுக்கு எதுவும் வைக்காதே.

அந்தச் சாகசத்தின் முதல் மோதலே வழியில் பதுங்கியிருக்கும் நான்கு கோப்ளின்கள் என்னும் குட்டி அரக்கர்கள். ஒன்றுக்கு 50 எக்ஸ்பி, நான்குக்கு 200, பெருக்கினால் 400. முதல் லெவலில் நான்கு பேருக்கு உயிராபத்து எல்லை சரியாக 400. விசார்டுக்கு அன்றைக்கு இரண்டே ஸ்லாட், ஒரு கோப்ளின் அம்பு நன்றாக விழுந்தால் அவர் கதை முடிந்தது. உன் ஆட்கள் அந்தச் சண்டைக்குப் பிறகு படுக்க வேண்டும் என்று கேட்டால் படுக்கட்டும். அடுத்து வரும் குகையிலும் நடுவில் ஒருமுறை வெளியே வந்து தூங்கிவிட்டுப் போகட்டும். அங்கே ஆறு கோப்ளின்களும் ஒரு கைதியும் இருக்கும் குகைக்குள் ஸ்லாட் இல்லாமல் நுழைந்தால் பிழைப்பது கடினம்.

மூன்றாம் லெவல் வந்ததும் ஹிட் டைஸ் மூன்றாகும், விசார்டுக்கு இரண்டாம்நிலை மந்திரம் வரும். அப்போது நிலவறைக்காரன் அட்டையை எடுத்து மேஜையில் வை. அதற்கு முன் ஷார்ட் ரெஸ்ட் என்றால் என்ன, ஹிட் டைஸை எப்படி உருட்டுவது என்பதை ஒவ்வொருவருக்கும் ஒரு தடவை செய்தே காட்டிவிடு.